ஐப்பசியில் பிள்ளைகளோடு: ஊரணிக் கரையா, வேட்டங்குடியா?

மழை விட்ட நாளில் வீட்டு முற்றத்திலேயே எத்தனை நேரம் காகிதக் கப்பல் விடுவது? காரைக்குடிப் பக்கம் வாண்டுகளை வெளியே கூட்டிப்போக எனக்கு இரண்டு இடங்கள் தோன்றும்.

ஊரணி நடை தூரம்தான், செலவில்லை. ஈரமண்ணில் சிவப்புப் பட்டுப்பூச்சி தேடலாம். ஆனால் படிகள் பாசி பிடித்து வழுக்கும். கையை விடவே கூடாது.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குத் திருப்பத்தூர் தாண்டிப் போக வேண்டும். 1977-இல் சரணாலயமானது. மழையில் கண்மாய் பெருகினால் நத்தைக்குத்தி நாரைகள் மரங்களில் கூடு கட்டும். பறவைகள் மிரளக் கூடாதென்று சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. இதைச் சொன்னதும் எங்கள் வீட்டு வாயாடியே கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தாள்!

மூன்று வயதுக்குள் என்றால் ஊரணிதான் சரி. தூரத்து நாரை அதுகளுக்கு வெறும் வெள்ளைப் புள்ளி. பெரிய பிள்ளைகளுக்கு வேட்டங்குடி. பைனாகுலரை மறக்காதீர்கள்.