நான்கு வருடங்களாகச் சீனித்துளசி

கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பு ஆட்டும் வீட்டில் பிறந்தவன் நான். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை எங்கள் ஊர்ச் சந்தையிலிருந்துதான் போகிறது. அதனால் நான்கு வருடங்களுக்கு முன் மருத்துவர் சர்க்கரை நோய் என்று சொன்ன அன்று மனம் உடைந்துவிட்டது. அப்போது கைக்கு வந்ததுதான், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு இலையான சீனித்துளசியின் (ஸ்டீவியா) பொடி.

முதல் ஆறு மாதம் ஏமாந்தேன். பெட்டியின் முன்புறம் பச்சை இலை. பின்புறம் அந்த நிறுவனத்தின் பாரம்பரியம் பற்றி நீண்ட கதை. ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தேன். முதலில் இருந்தது மால்டோடெக்ஸ்ட்ரின். மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து எடுப்பது, ரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியது. இலையின் சாறு கடைசியில் இருந்தது. அந்தச் சாறு சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிக்கும் என்பதால் ஊசிமுனை அளவே போதும். கரண்டியில் அள்ளும்படி ஆக்கத்தான் மீதி எல்லாம் நிரப்புகிறார்கள். இப்போது சாறு மட்டும் உள்ள சொட்டு மருந்துக் குப்பியைத்தான் வாங்குகிறேன்.

பாரம்பரியம் என்ற சொல்தான் என்னை அதிகம் உறுத்தியது. இந்த இலை பராகுவேயின் குவாரானி மக்களுடையது. 'இனிக்கும் பச்சிலை' என்ற பொருளில் பெயர் வைத்து, மாத்தே என்னும் கசக்கும் இலைப் பானத்தில் போட்டுக் குடித்து வந்தவர்கள் அவர்கள். 1899இல் தாவரவியலாளர் மொய்சேஸ் பெர்தோனி அதைத் தாவரவியல் ஏட்டில் ஏற்றினார். 1931இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் இருவர் இனிப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1970களில் ஜப்பானில் அது வணிகப் பொருளானது. தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று குவாரானி மக்கள் கேட்டு வருகிறார்கள். கேட்பது நியாயம். எங்கள் ஆலையில் பெரியவர் ஒருவர், கொதிக்கும் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து "இறக்கு" என்பார். ஒரு நொடி பிந்தினாலும் கொப்பரை முழுதும் கருகிவிடும். அந்த விரலின் அறிவை எவராவது பெட்டியில் தன் பெயரால் அச்சடித்தால் எனக்கு வலிக்காதா?

பயன்பாட்டைச் சொல்கிறேன். காபிக்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும் அருமை. இரண்டு சொட்டுக்கு மேல் போனால் தொண்டையில் அதிமதுரம் போல ஒரு கசப்பு நிற்கும். ஒப்புட்டுக்கு, அதாவது போளிக்கு, ஆகவே ஆகாது. பூரணத்தில் இளகி, பருப்பைச் சேர்த்துப் பிடிப்பது வெல்லம். சொட்டுக்கு அந்த வேலை தெரியாது. உதிர்ந்த பூரணத்தைப் பார்த்து அம்மா, "கண்ணு, பொங்கப் பானைக்கு மட்டும் இது வேண்டாம்" என்றார்.

தொட்டியில் செடியும் வளர்க்கிறேன். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், காய்ந்தால் உடனே வாடும். பூ விட்டால் இலையின் இனிப்புக் குறையும் என்பதால் மொட்டுகளைக் கிள்ளிவிடுவேன்.

உடல் எடை குறைக்க இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருப்பது மாத்திரையாலும் நடையாலும்தான். இந்தச் சொட்டு காபியை எனக்குத் திருப்பித் தந்தது. தைப் பொங்கலன்று அம்மா கையால் ஒரு கரண்டி வெல்லப் பொங்கல் சாப்பிடுகிறேன். பிறகு வாய்க்கால் மேட்டில் ஒரு மணி நேரம் நடக்கிறேன்.