திருகோணமலைக் கம்மாலையில் கத்தி அடிப்பிக்கப் போகிறவர்களுக்கு

தம்பலகாமம் போகிற பக்கத்தில், பாழாய்க் கிடந்த ஓட்டுக் கொட்டிலைத் திருத்தி மறுபடியும் உலை மூட்டியிருக்கிறார்கள். பழைய துருத்தி சுவரில் தொங்குகிறது; காற்றுக்கு மோட்டார். வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் அந்தத் துருத்தியைத்தான் படமெடுக்கிறார்கள். கத்தி வேண்டிப் போகிறவர்கள் பார்க்கவேண்டியது உலைக்குப் பக்கத்திலிருக்கும் எண்ணெய் வாளியை.

உள்ளே இருட்டு என்று குறைப்படுவோர் உண்டு. அது வேண்டுமென்று வைத்த இருட்டு. இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் சூட்டை மட்டுக்கட்டுவது. வெயில் வெளிச்சத்தில் சிவப்புக்கும் செம்மஞ்சளுக்கும் வித்தியாசம் பிடிபடாது. எரிப்பது சிரட்டைக்கரி. நிலக்கரி போல இரும்பில் கந்தகம் ஏற்றாது, சட்டென்று சூடு பிடிக்கும். காற்றைக் கூட்டிவிட்டால்தான் வில்லங்கம். உருக்கிலிருந்து வெள்ளைப் பொறி பறக்கத் தொடங்கினால் அந்த இடம் கருகிவிட்டது, வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை.

கத்திக்கு எடுப்பது லொறியின் பழைய வில்லுத்தகடு. அதில் கரிமம் ஏறத்தாழ 0.6 வீதம் இருப்பதால் தோய்ச்சல் (சூடாக்கிச் சட்டென்று ஆறவைத்து இறுக்குவது) ஏறும். கட்டடக் கம்பியிலோ சாதாரண இரும்புத் தகட்டிலோ அடித்துத் தரச் சொன்னால் வடிவாக அடித்துத் தருவார்கள்; கூர் ஒரு கிழமை நிற்காது. தகட்டை நீங்களே கொண்டுபோனால் கூலி மட்டும்தான், ஆனால் ஓடித் தேய்ந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டிப் பாருங்கள். மணி போல ஒலித்தால் நல்லது, மொத்தையாகச் சத்தம் வந்தால் வேண்டாம். வார்ப்பிரும்புத் துண்டைக் கொண்டுபோய் நிற்காதீர்கள். திருகோணமலைப் பிரட்றிக் கோட்டையில் கிடக்கிற வார்ப்பிரும்புப் பீரங்கி எவ்வளவு பாரமானாலும், அந்த வகை இரும்பு சம்மட்டிக்கு இளகாது, உடையும்.

அடிப்பு வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 8 மில்லிமீற்றர்த் தகட்டை முதுகில் 5க்கும் வாயில் 1க்கும் கிட்டக் கொண்டுவருகிறார்கள், சிவப்பு மங்கியதும் அடியை நிறுத்திவிட்டு மறுபடி உலையில் வைக்கிறார்கள். ஆறின இரும்பில் அடித்தால் உள்ளே வெடிக்கும் என்பது கைக்கே தெரிந்திருக்கிறது.

தோய்ச்சலுக்கு வரும்போது பக்கத்தில் நில்லுங்கள். கத்தியைச் சூடாக்கிக் காந்தத்தை வைத்துப் பார்க்கச் சொல்லலாம். 770 பாகை செல்சியஸ் அளவில் காந்தம் ஒட்டாமல் போகும். அதற்குமேல் கொஞ்சம் சூடு கொடுத்து, வாய்ப்பக்கத்தை நேராக எண்ணெயில் இறக்கவேண்டும். சரித்து இறக்கினால் கத்தி வளையும். அவசரமான நாளில் கைக்கெட்டின தண்ணீர் வாளியில் இறக்கிவிடுகிறார்கள். வில்லுத்தகடு தண்ணீருக்குத் தாங்காது: ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், வாயில் மயிரிழை போல ஒரு கீறல், அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டால் கத்தியை வாங்காதீர்கள். முதலிலேயே “எண்ணெயில் தோய்ச்சுத் தாங்கோ அண்ணை” என்று சொல்லிவைத்தால் கோபிக்கமாட்டார்கள்.

அதோடு வேலை முடியாது. அந்த நிலையில் கத்தி கண்ணாடி மாதிரி, விழுந்தால் உடையும். ஒரு பக்கத்தைத் தேய்த்து வெளுக்கப் பண்ணி, முதுகிலிருந்து மெல்லச் சூடு காட்டினால் நிறம் வாயை நோக்கி ஓடிவரும்: வைக்கோல் மஞ்சள், கபிலம், ஊதா, நீலம். சமையற்கத்தியென்றால் வாயில் வைக்கோல் மஞ்சள் வந்ததும் நிறுத்தவேண்டும், 220 பாகை அளவு. கோடரிக்கு ஊதாவையும் தாண்டவிடலாம். மஞ்சளில் நிறுத்தின கோடரி பல்லுப்போகும், நீலம் வரை விட்ட சமையற்கத்தி வாய் மடங்கும். நிறம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவரின் கணிப்பு பிசகுவதில்லை. கூலி கொடுப்பது அந்தக் கண்ணுக்குத்தான். அரத்தை வாயில் வைத்து இழுத்தால் வழுக்கவேண்டும், சும்மா ஒரு பிடிப்போடு.

தேய்ந்த மண்வெட்டிக்குப் புது வாய் வைப்பது இங்கே மின்வெல்டிங்கில்தான். ஒட்டின கோட்டுக்குப் பக்கத்தில் உருக்கின் தன்மை கெட்டுப்போவதால், கல் நிலத்தில் அந்தக் கோட்டோடேயே முறியும். வயலுக்கு மட்டும் போதும்.

பிடிதான் இவர்களுடைய பெரிய ஓட்டை. பச்சை மரத்தில் செதுக்கி, குழாய்த் துண்டைப் பூணாகப் போட்டுத் தந்துவிடுகிறார்கள். வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் மரம் சுருங்கி, பூண் கழன்று, கத்தி ஆடும். பிடியில்லாமல் வாங்கி வாருங்கள். ‘திருகோணமலை மரம்’ என்றே உலகத்துக்குத் தெரிந்த சாவண்டலையில் காய்ந்த துண்டு கிடைத்தால் அதைவிட நல்லதில்லை, இழுபடும், பிளக்காது. பிடிக்குள் போகிற கத்தி வாலைச் சுட்டு மரத்தில் இறக்கி, குங்கிலியத்தோடு செங்கல் தூளைச் சேர்த்து உருக்கி ஊற்றினால் ஆடாது.

கடற்காற்றில் இந்தக் கத்தி ஒரே இரவில் துருப்பிடிக்கும். கழுவியவுடன் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசுங்கள். புளி, தேசிக்காய் வெட்டினால் கறுக்கும். அது துரு அல்ல, தேய்த்து எடுக்கத் தேவையில்லை.

காலபோக நெல் விதைப்புக்கு முன்னான கிழமைகளில் போகாதீர்கள். மண்வெட்டியும் கலப்பைக் கொழுவும் குவிந்து கிடக்கும், தண்ணீர் வாளிக்கு வேலை கூடும்.