கட்டணம் செலுத்திப் பெற்ற கையொப்பம்: தபால்வழிச் சேவை ஒன்றின் மதிப்புரை

பேஸ்பால் வீரருக்கு ஒரு கடிதம் எழுதி, அவருடைய படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டையையும் நம் முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய மறு உறையையும் உடன் வைத்து அனுப்பிவிட்டு, மாதக்கணக்கில் காத்திருப்பதே நான் சிறு வயதிலிருந்து அறிந்த வழக்கம். அண்மையில், வீரர்களிடம் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டு, கட்டணம் பெற்று, நாம் அனுப்பும் அட்டைகளில் கையொப்பம் வாங்கித் தரும் ஒரு நிறுவனத்திடம் முதன்முறையாக இரண்டு அட்டைகளை ஒப்படைத்தேன். ஒன்று ஓய்வுபெற்ற பந்து வீச்சாளருடையது. மற்றொன்று இன்றும் ஆடிக்கொண்டிருப்பவருடையது.

வேலையை அவர்கள் செம்மையாகவே செய்தார்கள். அட்டையின் பளபளப்பில் மை ஒட்டாமல் துளித்துளியாகத் திரளும் என்பதால், சேகரிப்பாளர்கள் குழந்தைகளுக்கான பவுடரைத் தேய்த்துத் துடைத்த பிறகே அட்டையை அனுப்புவார்கள். நான் அதைச் செய்யத் தவறிய அட்டையிலும் நீல மை சிறிதும் சிதறாமல் படிந்திருந்தது. முதல் எழுத்தில் அழுத்தமாகத் தொடங்கிக் கடைசிச் சுழிப்பில் மெலிந்துபோகும் கோடு, மனிதக் கையால் இட்டது என்பதைத் தெளிவாகக் காட்டியது. கையொப்பமிடும் இயந்திரத்தின் கோடு அப்படி இருப்பதில்லை. ஒரே அச்சிலிருந்து வந்த இரண்டு கையொப்பங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மயிரிழை கூடப் பிசகாமல் பொருந்திவிடும். ஆறு வாரத்தில் வரும் என்றது பதினொரு வாரம் ஆனதைக்கூட நான் பெரிய குறையாகக் கருதவில்லை. கையொப்பம் உண்மையானது என்று சான்றளிக்கும் சரிபார்ப்பு வில்லையை அட்டையின் பின்புறம் ஒட்டாமல், முன்புறத்தில் வீரரின் தோளை மறைத்து ஒட்டியதுதான் வருத்தம் தந்தது.

இத்தகைய வில்லை ஏன் தேவைப்பட்டது என்பதும் தெரிந்ததே. 1990களின் பிற்பகுதியில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் நடத்திய விசாரணை, போலிக் கையொப்பங்களோடு போலிச் சான்றிதழ்களும் தயாராகிச் சந்தைக்கு வந்ததை அம்பலப்படுத்தியது. அதன்பின், கண்ணெதிரே இட்ட கையொப்பம் என்பதற்குச் சாட்சி கேட்பவர்கள் பெருகினார்கள். மறுபுறம், ஒரே உறையில் பத்து அட்டைகளை அனுப்பி, வந்தவற்றை உடனே விற்பவர்களால் வீரர்களுக்கும் சலிப்பு ஏற்பட்டது. சிலர் ஓர் உறைக்கு ஒன்று, இரண்டு என வரம்பு வைத்தார்கள். சிலர் விற்பனையைத் தடுக்கப் பெறுபவரின் பெயரையும் சேர்த்து எழுதினார்கள். சிலர் அறக்கட்டளைக்கு நன்கொடை கேட்கத் தொடங்கினார்கள். கடைசியாகச் சொன்னதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் என் பெயரை எழுதித் தருவதற்கு இந்த நிறுவனம் தனிக் கட்டணம் வாங்கியபோது மனம் ஒப்பவில்லை. விற்கமாட்டேன் என்பதற்கு அடையாளமாக நானே விரும்பிக் கேட்ட பெயர் அது.

2011இல் மறைந்த அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹார்மன் கில்லிப்ரூ, கையொப்பம் யாருடையது என்று படிக்கும்படி இருக்க வேண்டும் என்று இளைய வீரர்களிடம் வற்புறுத்துவார். டோரி ஹண்டர் போன்றவர்கள் அதைக் கேட்டுத் தம் கையெழுத்தைத் திருத்திக்கொண்டார்கள். கையொப்பம் என்பது கேட்டவருக்கு அளிக்கும் மரியாதை என்ற எண்ணம் அதில் இருந்தது. கேட்பவரும் அதே மரியாதையோடு, ஏன் கேட்கிறோம் என்று நான்கு வரி எழுதுவார்.

நானும் அப்படித்தான், இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் அந்த வீரருக்கு ஒரு பக்கம் எழுதி, அட்டையோடு வைத்திருந்தேன். அட்டை திரும்பி வந்த உறையில் அந்தக் கடிதமும் இருந்தது. நான் மடித்த மடிப்புக் கலையவில்லை. கடிதங்கள் வீரர்களிடம் சேர்க்கப்படுவதில்லை என்று அச்சிட்ட ஒரு துண்டுத்தாள் அதோடு இணைக்கப்பட்டிருந்தது. விண்ணப்பப் படிவத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்தச் சேவையில் நான் கண்ட குறைகளில் பெரியது இதுவே.

ஐயமற்ற கையொப்பம் வேண்டும், அட்டை தொலைந்துவிடக் கூடாது என்பவர்கள் இந்நிறுவனத்தைத் தாராளமாக நம்பலாம். குறிப்பாக, தபாலுக்குப் பதில் தருவதை நிறுத்திவிட்ட மூத்த வீரர்களைப் பொறுத்தவரை வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை. வில்லையைப் பின்புறம் ஒட்டும்படி மட்டும் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும். இன்னும் ஆடிக்கொண்டிருப்பவருக்கு எழுத விரும்புகிறவர்கள், போட்டிப் பருவம் தொடங்குமுன் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கும் பயிற்சி முகாமின் முகவரிக்கே நேராக அனுப்பலாம். வீரர்களுக்குத் தபாலைப் பார்க்கச் சற்று நேரம் கிடைக்கும் காலம் அது. திரும்பி வந்த கடிதத்தை நான் அங்கேதான் அனுப்பியிருக்கிறேன், இம்முறை அட்டை எதுவும் வைக்காமல்.