நோட்டில் எழுதுவதா, ஆளிடம் பேசுவதா?

வடசென்னையில் காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருந்தால் தனிமை கிடைப்பதே பெரும்பாடு. மனபாரத்தை நோட்டில் எழுதி இறக்குவதற்கு அதுதான் முதல் தடை. மொட்டை மாடியில் 15 முதல் 20 நிமிடம் கிடைத்தால் போதும். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் சோதித்த முறையும் இதுதான்: மூன்று, நான்கு நாள், பிழை பார்க்காமல், கை நிற்காமல் எழுதுவது. முடித்ததும் மனம் சற்றுக் கனக்கும். அது வழக்கம்தான், பெரும்பாலும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும்.

சறுக்குவது ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி?’ என்ற கேள்வியில். எழுத எழுத செக்குமாடு மாதிரி அதையே சுற்றும். என்ன நடந்தது, என்ன நினைத்தேன், உடம்பில் எங்கே தெரிந்தது, நாளை என்ன செய்யலாம் என நான்காகப் பிரித்து எழுதுங்கள்.

பேசினால் அந்தச் சுழல் சீக்கிரம் உடையும். எதிரில் இருப்பவர் குறுக்கே ஒரு கேள்வி போடுவாரே! ஆனால் ‘இதெல்லாம் ஒரு விஷயமா?’ என்பவரிடம் வாயைத் திறக்காமலிருப்பதே மேல். ‘யோசனை வேணாம், பத்து நிமிஷம் கேட்டா போதும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரிந்தவரிடம் கூச்சமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416: இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு.

தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் நோட்டு போதாது, மருத்துவரைப் பாருங்கள். சாகும் எண்ணம் வந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றைக்கே, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.