ஸ்விஃப்டுக்குப் புதுச் சொக்: கந்தளாய் ரோட்டில் ஓட்டிப் பார்த்தது

காரைத் தாழ்த்தினால்தான் வளைவில் நிற்கும் என்று திருகோணமலையில் நிறையப் பேர் நம்புகிறார்கள். நான் அதற்கு நேர் எதிர்க் கட்சி. என்னுடைய ஸ்விஃப்ட் தாழ்த்தப்பட்ட நிலையில்தான் என்னிடம் வந்தது. அதைப் பழையபடி கம்பனி உயரத்துக்கு ஏற்றி, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் சொக் அப்சோபரையும் நல்லதாகப் போட்ட பிறகுதான் சொல்வழி கேட்கத் தொடங்கியது. போட்ட சாமானைப் பற்றியும், அதைப் போட்டுத் தந்த கராஜைப் பற்றியும் எழுதுகிறேன். சாமானை விட கராஜ் முக்கியம் என்பது என் முடிவு. அதற்கான காரணம் கீழே வரும்.

கார் 2012 மொடல், ஜப்பானிலிருந்து வந்த ஸ்விஃப்ட், 1.2 எஞ்சின், சிவிடி என்கிற ஓட்டோ கியர். உப்புவெளியில் வீடு, கந்தளாயில் வேலை. போக நாற்பது கிலோமீற்றருக்கு மேல், வரவும் அவ்வளவு. ரோடு நல்ல காபட் ரோடு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சீனக்குடாப் பக்கமிருந்து சீமெந்தும் மாவும் ஏற்றிய பெரிய லொறிகள், எண்ணெய்ப் பௌசர்கள் எல்லாம் இதே ரோட்டில்தான் ஓடுகின்றன. அவை எதிரே கடக்கும்போது அடிக்கிற காற்றுக்கு, ஒரு தொன் கூட இல்லாத கார் ஆடத்தான் செய்யும். ஒரு தரம் ஆடி நின்றுவிட வேண்டும். என்னுடையது நிற்காது. இரவில் மாடு குறுக்கே நிற்கும், ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பி எடுத்தால் முன்பக்கம் வந்துவிடும், பின்பக்கம் தனியாக இன்னொரு ஆட்டம் ஆடி முடித்துத்தான் வரும். கந்தளாய் தாண்டி ஹபரணை பக்கம் போனால் மாட்டுக்குப் பதில் யானை. அந்த ரோட்டில் சொன்ன இடத்துக்கு வராத காரை வைத்திருக்கக் கூடாது.

முதல் சொந்தக்காரர் ஸ்பிரிங்கை கிரைண்டரால் வெட்டியிருந்தார். சுருள் ஸ்பிரிங்கில் சுற்றுக் குறையக் குறைய மிச்சமுள்ளது இறுகும். இறுகிய ஸ்பிரிங் வேகமாகத் திருப்பி உதைக்கும், அதை அடக்கும் பலம் தேய்ந்த சொக்குக்கு இருக்காது. உயரம் குறைந்ததால் சொக் அசையும் தூரமும் குறைந்து, சின்னப் பள்ளத்துக்கே உள்ளேயிருக்கும் ரப்பர் நிறுத்தியில் போய் முட்டும். வளைவின் நடுவில் அப்படி முட்டினால் அந்தச் சில்லின் பிடி சட்டென்று போய்விடும். இன்னொன்றைத் தாழ்த்துகிறவர்கள் யோசிப்பதில்லை. ஸ்விஃப்ட், விட்ஸ் போன்ற கார்களின் முன்பக்கத்தில், சில்லைக் கீழே காரோடு இணைக்கும் லோவர் ஆர்ம் ஏறக்குறைய படுக்கையாக இருக்க வேண்டும். என் காரில் அதன் வெளிமுனை மேலே தூக்கி நின்றது. அப்படி நின்றால், வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சரிகிறதோ அந்தப் புள்ளி காரின் பார மையத்தை விட வேகமாகக் கீழே இறங்கிவிடும். பார்வைக்குத் தாழ்ந்த கார், வளைவில் சரிய விரும்புகிற கார் ஆகிவிடும்.

சரி, என்ன போட்டேன்? ஸ்பிரிங் நாலும் இதே மொடல் காரிலிருந்து கழற்றி வந்த ஜப்பான் ஸ்பிரிங், வெட்டுப்படாதது. சொக் நாலும் கேவைபி (KYB) என்ற ஜப்பான் கம்பனியின் நியூ எஸ்ஆர் ஸ்பெஷல், நீல நிறத்தில் வருமே, அது. முன்பக்க மேல் மவுண்ட், பெயரிங், ரப்பர் நிறுத்தி, தூசு உறை, ஸ்டெபிலைசர் லிங்க் எல்லாம் புதிது. லோவர் ஆர்மின் பின் ரப்பர் புஷ் இரண்டும் கிழிந்திருந்தன, அவையும் புதிது. எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தைத் தொட்டது. அதே கம்பனியின் எக்ஸெல்-ஜி இதை விட மலிவு, சாதாரண ஓட்டத்துக்கு அதுவே தாராளம். நான் எஸ்ஆர் எடுத்ததற்குக் காரணம், கம்பனி ஸ்பிரிங்கோடும் கம்பனி உயரத்தோடும் இறுக்கத்தை மட்டும் கூட்டித் தருவது அது. உயரத்தைத் திருகி மாற்றும் கொயில்ஓவர் போடச் சொல்லி ஆலோசனை வந்தது. கடலோரத்தில் வாழும் காருக்கு வெளியே தெரியும் மரை எதற்கு? உப்புக்காற்றில் அது இறுகிப்போனால் திருகவே வராது.

புதுச் சொக் என்று சொல்லி விற்பதை எல்லாம் நம்பி வாங்காதீர்கள். முதலில் கேட்ட ஒரு கடையில் பளபளவென்று ஒரு சோடி எடுத்து வைத்தார்கள். தண்டை உள்ளே அமுக்கி விட்டேன். அப்படியே கிடந்தது. காஸ் அடைத்த சொக் அமுக்கி விட்டால் தானாக மெல்ல எழும்பி வர வேண்டும். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலின் வாயிலும் பெயின்ட் பட்டிருந்தது. பழையதைக் கழுவி நிறம் பூசியிருக்கிறார்கள். வேண்டாமென்று திரும்பிவிட்டேன். கடையிலேயே நின்று அமுக்கிப் பார்ப்பதற்கு யாரும் மறுக்க முடியாது, வெட்கப்படவும் தேவையில்லை.

இனி கராஜ். அநுராதபுரச் சந்தியைத் தாண்டி ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, பாதி முற்றத்துக்குக் கூரையும் கிடையாது. அண்ணன் ஒருவரும் அவருடைய மருமகனும்தான் வேலை. பொம்பிளை தனியாகக் கார் கொண்டு போனால் பல இடங்களில் "வீட்டில ஆம்பிளை யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள். இவர் என்னையே காருக்கடியில் குனிய வைத்து, டோர்ச் அடித்து, எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்த சொக்கைக் காட்டினார்.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். சொக்கின் மேல் நட்டைக் கழற்றும்போது தண்டும் சேர்ந்து சுழலும். அவசரக்காரர்கள் அந்தப் பளபளப்பான தண்டை வைஸ்கிரிப்பால் கவ்விப் பிடிப்பார்கள். அதில் விழும் கீறல் ஒவ்வொரு அசைவுக்கும் அந்த ரப்பர் சீலை அறுக்கும், புதுச் சொக் சில மாதத்திலேயே கசியும். இவர் தண்டின் தலையிலுள்ள துவாரத்தில் அலன் கீயை விட்டுப் பிடித்துக்கொண்டு, வெளியே வளைந்த ஸ்பனரால் நட்டைத் திருப்பினார். புதியதைப் பூட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் நிமிர்த்திப் பிடித்து மெதுவாக முழுத் தூரம் இழுத்து அமுக்கினார். படுத்துக் கிடந்த சொக்கில் எண்ணெயும் காற்றும் கலந்திருக்கும், அது பிரிய வேண்டும் என்றார்.

எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது அதற்கும் அப்புறம். லோவர் ஆர்ம் போல்ட்டுகளைக் கார் தூக்கி நின்றபோது கையிறுக்கமாக மட்டும் விட்டார். காரைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தைப் பிடித்து நன்றாக ஆட்டிவிட்டு, பாரம் சில்லில் இருக்கும்போதே கீழே படுத்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சால் இறுக்கினார். "தூக்கி வச்சு இறுக்கினா ரப்பர் முறுகி நிற்கும் தங்கச்சி. கீழ இறக்கின உடனே எந்நேரமும் முறுக்குத்தான். ஆறு மாசத்தில கிழியும்." எத்தனை பேர் புது புஷ் போட்டும் "கட கட" சத்தம் திரும்பி வருகிறதென்று சாமானைத் திட்டுகிறார்கள்! பாதி இந்த இறுக்கத்தில்தான் இருக்கிறது.

பின்பக்க சொக்கின் கீழ் போல்ட் ஒன்று உப்பில் இறுகிப்போயிருந்தது. காஸ் அடித்துச் சூடாக்கவில்லை. துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விட்டு வைத்தார். காலையில் வந்துவிட்டது. நிலாவெளி, உப்புவெளிக் கார்களுக்குக் கீழ்ப்பகுதியை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவச் சொன்னார். ஸ்பிரிங் உட்காரும் தட்டுத்தான் முதலில் துருப்பிடித்துப் போகுமாம்.

ஓட்டம் எப்படி? லொறி கடக்கும்போது கார் ஒரு தரம் அசைகிறது, அதோடு சரி. பிரேக் பிடித்தால் மூக்கு குத்துவது குறைந்துவிட்டது. வளைவின் நடுவில் ரோடு அமிழ்ந்த இடத்தில் முன்பெல்லாம் ஸ்டியரிங்கை இன்னொரு தடவை திருத்துவேன், இப்போது ஒரே பிடியில் போய் வெளியே வருகிறது. கிண்ணியாப் பாலத்தில் குறுக்குக் காற்று அடிக்கும் நாளிலும் இரண்டு கையையும் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. உயரம் கூடிய கார் இது என்பதை மறக்க வேண்டாம்.

குறையும் உண்டு. மெதுவாகப் போகும்போது இறுக்கம் தெரிகிறது. எங்கள் கிறவல் ஒழுங்கையில் பின்சீட்டில் அம்மா இருந்தால், "பழைய கார்தான் சுகம் பிள்ளை" என்கிறார். முதுகு நோவுள்ளவர்களை ஏற்றிச் செல்கிறவர்கள் எக்ஸெல்-ஜி எடுங்கள். அடுத்தது, இந்த கராஜில் வீல் அலைன்மென்ட் மெஷின் இல்லை. சொக் கழற்றிப் பூட்டினால் முன்சில்லின் சாய்வு மாறும், சாய்வு மாறினால் சில்லு நேர் பார்த்து நிற்பதும் மாறும். அலைன்மென்டுக்கு வேறு இடம் போய்த்தான் ஆக வேண்டும், அதற்குத் தனிக் காசு. செய்யாமல் ஓடினால் புது டயர் ஓரம் தின்னும்.

டயரை நான் இன்னும் மாற்றவில்லை. தேய்ந்த சொக்கில் ஓடியதால் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருக்கிறது, வேகத்தில் ஒரு முனகல் கேட்கிறது. அது சொக்கின் குற்றமல்ல. காசு சேர்ந்ததும் 175/65 அளவிலேயே, 15 அங்குல ரிம்முக்கு நல்லதாக நாலு போடுவேன். அகல டயருக்குப் போகிற எண்ணம் இல்லை.

அண்ணனிடம் போக நினைப்பவர்கள் வாடைக்காற்று மழை தொடங்குவதற்கு முன் போய்விடுங்கள். கூரையில்லாத முற்றம் என்பதால் மழைநாளில் இந்த வேலையைத் தொட மாட்டார். சாமானை நீங்களே வாங்கிக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் பூட்டித் தருவார். ஆனால் வெட்டிய ஸ்பிரிங்கைக் கொண்டு போய்ப் பூட்டச் சொன்னால், "வேற இடம் பாருங்கோ" என்று நேரடியாகச் சொல்லி அனுப்பிவிடுவார்.