கேரவன் சோலார்: ‘பேனல் போச்சு’ என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, 12 வோல்ட் ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறோம். கூரையில் 330 வாட் பேனல், உள்ளே 100 ஏஹெச் லித்தியம் பேட்டரி, இரண்டுக்கும் நடுவே, பேனல் தரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி அனுப்பும் சார்ஜ் கன்ட்ரோலர். அதன் மேல் ‘எம்பிபிடி’ (பேனலின் சக்தியை முடிந்தவரை முழுதாக எடுக்கும் வகை) என்று பெரிதாக அச்சடித்திருந்தது. மூன்றையும் போன வருடம் கோவையில் ஒரு கடையில் மாட்டினோம்.

ராமேஸ்வரத்தில் மூன்றாம் நாள் இரவு ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. பாம்பனில் வாங்கிய சீலா மீன் காலையில் எப்படி மணத்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாளும் நல்ல வெயில், வண்டி நிழலில்கூட நிற்கவில்லை.

ஊர் திரும்பியதும் அதே கடைக்குப் போனேன். பையன் ஒருவன் மேலே ஏறி, பேனல் வயரைக் கழற்றி மீட்டர் வைத்தான். 42 வோல்ட். பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 46. “பாருங்க சார், நாலு வோல்ட் குறையுது. செல் போயிருச்சு, பேனல் மாத்தணும்” என்றார் கடைக்காரர். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. 11,500 ரூபாய் கொடுத்துப் புதுசு மாட்டினேன். பழையதற்கு ஐநூறு கழித்துக்கொண்டு அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த முறை வால்பாறை போனோம். மறுபடியும் மூன்றாம் நாள், மறுபடியும் இருட்டு.

பல்லடத்தில் தெரிந்த அண்ணன் ஒருவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார். சோலார் அவர் தொழில் இல்லை, ஆனால் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கிறார் (சாதாரண கிளாம்ப் ஏசி மட்டும்தான் காட்டும், இதற்கு உதவாது). உச்சி வெயிலில், எல்லாம் மாட்டி ஓடும்போதே, பேனலிலிருந்து வரும் வயரில் வைத்தார். 8.6 ஆம்பியர். பேட்டரிக்குப் போகும் வயரில் வைத்தார். அங்கேயும் 8.6. பேனல் முனையில் வோல்ட் பார்த்தால் வெறும் 13.4. அவர் ஒன்றும் பேசாமல் கன்ட்ரோலரைக் கழற்றிக் கையில் தூக்கிப் பார்த்தார், அப்புறம் நாலு திருகாணியைத் திருகித் திறந்தார். பெட்டிக்குள் பாதி காலி. “ஏனுங்க, இதுல காயிலே இல்லீங்களே!”

அதுதான் விஷயம். அது எம்பிபிடியே இல்லை, எம்பிபிடி பெட்டிக்குள் போட்ட சாதாரண பிடபிள்யூஎம். அந்த வகை, பேனலை நேராக பேட்டரியோடு சேர்த்துவிடும். 37 வோல்ட்டில் ஓட வேண்டிய என் பேனல், பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. 330 வாட்டுக்குக் காசு கொடுத்து 115 வாட்தான் எடுத்திருக்கிறேன். நிஜ எம்பிபிடி, மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். அதற்குக் கனமான காயில் உள்ளே இருந்தே ஆக வேண்டும்.

அந்த 42 வோல்ட் கதை இன்னும் கொடுமை. ஸ்டிக்கரில் இருக்கும் கணக்கு 25 டிகிரி சூட்டுக்கு. தகரக் கூரைமேல் பேனல் 55, 60 டிகிரி கொதிக்கும்போது வோல்ட் அந்த அளவு குறையத்தான் செய்யும். புதுப் பேனலையும் மதியம் அளந்து பார்த்தேன். அதே 42! நல்ல பேனலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

உங்கள் வண்டியில் சந்தேகம் இருந்தால், யாரையும் மேலே ஏற்றும் முன் இந்த இரண்டு வயரையும் அளக்கச் சொல்லுங்கள். பேட்டரி முழுதாக நிறைந்திருக்கும்போது அளந்தால் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். பேனலின் வோல்ட் பேட்டரியைவிட ரொம்ப அதிகமாக இருக்கும் என்னுடையது போன்ற அமைப்பில், இரண்டு வயரிலும் ஒரே ஆம்பியர் வந்தால் கன்ட்ரோலரைத் திறந்து பாருங்கள்.

வேறு கடையில் பில்லோடு நிஜ எம்பிபிடி வாங்கி மாட்டினேன். அதே பேனல், அதே பேட்டரி, மதியம் 17, 18 ஆம்பியர் ஏறுகிறது. படுக்கையாகக் கிடக்கும் பேனலுக்கு அதற்குமேல் எதிர்பார்க்கவும் கூடாது.

பழைய கடைக்குப் போய் கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தேன். “கம்பெனிக்காரன் அப்படித்தான் சார் அனுப்பினான்” என்றார். பில்லில் ‘சோலார் செட் 1’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. இருந்தாலும் 1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். சரி, என் பழைய பேனலையாவது கொடுங்கள் என்றேன்.

“அது அன்னைக்கே வித்துட்டோமே சார்.”