ட்சேடே, சிப், கம்ப்யூட்டர் பில்ட்: எதற்குச் சந்தா கட்டலாம்?

ஜெர்மனியின் இந்த மூன்று கணினி இதழ்களில் ஒன்றுக்குத்தான் காசு கொடுக்க முடியும் என்றால் என் ஓட்டு ட்சேடேவுக்கு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வயதில் மூத்தது சிப், 1978-இல் வந்தது. செல்போன், டிவி, ரவுட்டர் என்று எல்லாவற்றையும் சோதித்து மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவதுதான் அதன் பலம். இந்தியாவிலும் ஆங்கிலத்தில் வந்த இதழ்தான், பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஒரு பொருளை வாங்கும் முன் புரட்டலாம், வாங்கிய பிறகு அவ்வளவாகத் தேவைப்படாது.

கம்ப்யூட்டர் பில்ட் 1996-இல் தொடங்கியது. அதை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கே கிளிக் செய்ய வேண்டும் என்று படம் போட்டு, புரியாத சொல்லுக்கு அங்கேயே விளக்கமும் கொடுத்து, கணினியைக் கண்டாலே தயங்கியவர்களைத் தைரியமாக உட்கார வைத்த இதழ் அது.

ட்சேடே வேறு ரகம். ஹானோவரில் ஹைஸே பதிப்பகம், 1983 கடைசியில் முதல் இதழ், 1997 முதல் இரண்டு வாரத்துக்கு ஒன்று. எல்ராட் என்ற எலக்ட்ரானிக்ஸ் பற்றிய இதழுக்குள் பிறந்ததாலோ என்னவோ, சாலிடரிங் அயர்ன் பிடித்தவர்களின் குணம் இன்னும் போகவில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். போலி பென் டிரைவ் கணினியில் 64 ஜிபி என்றே காட்டும், உள்ளே 8 தான் இருக்கும், காப்பி செய்யும்போது ஒரு பிழையும் வராது, பிறகு கோப்பைத் திறந்தால்தான் போட்டோ எல்லாம் போயிருப்பது தெரியும். இதற்கு ட்சேடே கொடுத்தது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவி: டிரைவ் நிரம்பும்வரை தரவை எழுதி, அப்புறம் அத்தனையையும் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்த்துவிடும். வைரஸ் புகுந்த கணினிக்கு விண்டோஸைத் தொடாமலே லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தில் கிளம்பிச் சோதிக்கும் டெசின்ஃபெக்ட் என்ற கருவி இருக்கிறது. இதழை நம்பு என்று சொல்லாமல், நீயே சோதித்துப் பார் என்று வாசகரிடம் கருவியைக் கொடுப்பதுதான் எனக்குப் பிடித்தது. நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று வாசகர் எழுதினால், அதை விசாரித்து, நிறுவனத்தின் பெயரோடு அச்சிடும் பகுதியும் உண்டு. தங்கள் கட்டுரையில் தவறு இருந்தால் திருத்தத்தையும் போடுவார்கள்.

ஆனால் கட்டுரைகள் நீளம், ஜெர்மனும் கனம். மொழி இப்போதுதான் பிடிபடுகிறது என்றால் ஒரு வருடம் பில்டைப் படியுங்கள், அதன் வாக்கியங்கள் எளிது, பிறகு ட்சேடேவுக்கு மாறலாம்.